நான் பார்க்காத ஊரைப் பற்றி ஒரு பந்தி

இது நடந்தது ஐம்பதுகளின் பிற்பகுதியில், இலங்கை மலைநாட்டில். எனக்கு அப்போது பதினேழு வயது. ஹட்டனில் பஸ் ஏறி முக்கால் மணி நேரம் வளைந்து வளைந்து போய், இறங்கி, தேயிலைக்கு நடுவே இரண்டு மைல் ஏறினால் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடு. தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இன்னும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். நான் செய்த மடத்தனத்துக்கு அவர்களை ஏன் இழுக்க வேண்டும்?

எங்கள் லயத்தில் பத்தாம் வகுப்பு வரை போன முதல் பெண் நான்தான். வாரநாட்களில் ஹட்டனில் சித்தி வீட்டில் தங்கிப் படிப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லயத்துக்குத் திரும்புவேன். தலைக்கனம் கொஞ்சநஞ்சம் இல்லை. கொழுந்துக் கூடையோடு எதிரே வரும் என் வயதுப் பெண்களிடம் நின்று பேசும்போது, கையிலிருக்கும் புத்தகத்தின் அட்டை அவர்கள் பக்கம் தெரிகிற மாதிரி பிடித்துக்கொள்வேன். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். இன்று நினைத்தால் என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் தமிழ் வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். பந்தி பிரிக்காத கட்டுரையை அவர் படிக்கவே மாட்டார். சில புத்தகங்களில் 'பத்தி' என்று இருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் 'பந்தி'தான். நாலு வகைப் பந்தி உண்டு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். நடந்ததைச் சொன்னால் கதைப் பந்தி, கண்ணால் கண்டதைக் காட்டினால் வருணனைப் பந்தி, ஒன்றைப் புரியவைத்தால் விளக்கப் பந்தி, ஒரு கட்சி எடுத்துப் பேசினால் வாதப் பந்தி. எனக்கு அது பைத்தியமாகவே பிடித்துப்போயிற்று. காதில் விழும் பேச்சையெல்லாம் வகை பிரிக்க ஆரம்பித்தேன். வேலைக்குப் போகாத காரணத்தை அப்பா சொன்னால் அது கதைப் பந்தி. அதை நம்பாமல் அம்மா வாயைத் திறந்தால் வாதப் பந்தி.

நாலிலும் எனக்குக் கைவந்தது வருணனைதான். 'எனது கிராமம்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். ஜன்னலைத் திறந்தால் மலை, மலை முழுக்கத் தேயிலை. நெல் வயலை ரயிலில் போகும்போது பார்த்தவர்களே நாலைந்து பேர்தான். ஆனாலும் எல்லோரும் வயலைத்தான் எழுதினோம். பாடப்புத்தகத்தில் ஒரு கிராமம் இருந்தது. அதில் ஆறு ஓடியது, தென்னந்தோப்பு இருந்தது, அந்தி நேரத்தில் பசுக்கள் மணியோசையோடு திரும்பின. அதை எடுத்து அவரவர் கைச்சரக்கைச் சேர்த்து எழுதிவிட்டோம். லயத்தைக் கிராமம் என்று எழுதலாமா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. என் கட்டுரையில் வாத்தியார் "மிகத் திறம்" என்று எழுதி வகுப்பில் வாசித்தும் காட்டினார். இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்த அக்கா இல்லை, எங்கள் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர். ஒரே சுவர்தான் நடுவில். அங்கே ரொட்டி தட்டுகிற சத்தம் இங்கே கேட்கும். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். புருஷன் நிமோனியாவில் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள். கொழுந்து எடுப்பதில் அந்த டிவிசனிலேயே அவர் கைக்கு ஈடு இல்லை. வாயும் அப்படித்தான். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒரு வார்த்தை சொன்னால் சிரித்துக்கொண்டே இரண்டு சொல்லிவிடுவார். அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த வருடங்களில் எங்கள் லயங்களில் பேச்சென்றால் பிரஜாவுரிமைப் பேச்சுதான். சுதந்திரம் வந்ததும் நாங்களெல்லாம் எந்த நாட்டுக்காரர்கள் என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. இலங்கைப் பிரஜையாக வேண்டுமென்றால் மனுக் கொடுக்க வேண்டும். இத்தனை வருடமும் இங்கேயே தொடர்ந்து இருந்தோம், இனியும் இங்கேதான் இருப்போம் என்று நிரூபிக்க வேண்டும். இந்தியாவில் வீடு வாசல் இருக்கிறது, போய்வருகிறார்கள், அங்கே போய்க் குடியிருக்க ஆசைப்படுகிறார்கள் என்று ஒரு சந்தேகம் விழுந்தாலும் மனு தள்ளுபடி. அக்கா தன் பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும் மனுப் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். கிடைக்காவிட்டால் மூன்று பேரும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள். புருஷனைப் புதைத்த மண்ணை விட்டு எப்போது கப்பலேறச் சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு உள்ளே இருந்தது. வெளியே காட்டமாட்டார்.

ஒரு சனிக்கிழமை அக்காவுக்கு விசாரணைக் கடிதம் வந்தது. இன்ன தேதியில் நுவரெலியாவுக்கு வர வேண்டும். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கடிதத்தைப் படித்துவிட்டு, எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எத்தனை வருடமாக வேலை, எல்லாவற்றையும் ஒரு வாக்குமூலமாக எழுதிக்கொண்டு போனால் நல்லது என்றார். லயம் முழுக்க இப்படிக் கடிதம் வந்திருந்ததால் அவருக்கு நேரமில்லை.

"நம்ம புள்ளதான் ஹட்டன்ல படிக்குதே, அது எழுதிக் குடுக்கும்" என்று என்னைக் கைகாட்டிவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுக் கொப்பியிலிருந்து இரட்டைத் தாள் கிழித்துக்கொண்டு, மைக்கூட்டோடு அக்கா காம்பராவுக்குப் போனேன்.

"அக்கா, நாலு பந்தி போடணும்" என்றேன்.

"யாரு வீட்டு விசேசத்துக்கு? ஒரு பந்திக்கே அரிசியக் காணோம்" என்றார் அக்கா.

பெரிய பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவருக்குப் போய் எழுதுகிறேனே என்று மனதுக்குள் ஒரு அலுப்புத்தான் வந்தது. அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். பிறந்தது கீழ் டிவிசன் லயத்தில். பத்து வயதில் வேலைக்குப் பேர் பதிந்தது. கல்யாணம் முடிந்து மேல் டிவிசனுக்கு வந்தது. இரண்டு பிள்ளைகளும் பிறந்தது இதே காம்பராவில். தலைவர் பூர்வீகத்தையும் எழுதச் சொல்லியிருந்ததால் கடைசியாக, "ஒங்க ஊரு எதுக்கா?" என்று கேட்டேன்.

"முசிறிப் பக்கம்" என்றார் யோசிக்காமல்.

இதை வெளியாட்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடம் ஊர் எது என்று கேட்டால், லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவரும் பாட்டன், பூட்டன் புறப்பட்டு வந்த ஊரைத்தான் சொல்வார். இருக்கிற இடம் தோட்டம். ஊர் என்றால் கடலுக்கு அக்கரையில், இந்தியாவில் இருப்பது. கண்ணால் பார்த்தவர் பத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார். பெண் எடுக்கவும் கொடுக்கவும் அந்தப் பெயர் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு முசிறிப் பக்கம்தான் ஊர், எங்களுக்கும் அதுதான்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். விளக்கப் பந்தி ஆயிற்று, கதைப் பந்தி ஆயிற்று. மூன்றாவதாக வருணனை வேண்டுமே! மழையில் ஒழுகுகிற லயத்தில் வருணிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஊர் முசிறி, ஆறு காவிரி. என் 'மிகத் திறம்' கட்டுரையை எடுத்து, அதிலிருந்து நல்ல பந்தியாகப் பார்த்து, ஆற்றுக்குப் பெயரை மட்டும் போட்டு அப்படியே இறக்கிவிட்டேன். "காவிரியன்னை தாலாட்டும் என் சொந்த ஊரின் எழிலை என்னென்பேன்!" என்று தொடங்கும். "தென்னை நிழலில் இளநீர் பருகி நான் களித்த நாட்கள் எண்ணற்றவை" என்று நடுவில் ஒரு வரி. "மீண்டும் அம்மண்ணில் சென்று வாழ்வதே என் உள்ளத்தின் அவா" என்று முடியும். அதற்குப் பிறகு, இலங்கைப் பிரஜாவுரிமை தர வேண்டும் என்று ஒரு வாதப் பந்தி! இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகிறதே என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. நாலு வகையும் வந்துவிட்டதா என்பதுதான் எனக்குக் கணக்கு.

மறுநாள் அக்காவிடம் கொண்டுபோனேன். முதல் பந்தியை வாசித்துக் காட்டினேன். உற்றுக் கேட்டார்.

"மிச்சத்தையும் வாசி தங்கச்சி."

"மிச்சமெல்லாம் எலக்கணமா எழுதியிருக்கேன்க்கா. ஒங்களுக்குப் புரியாது."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுக் கட்டை விரலை நீட்டினார். மையைத் தடவி நான்தான் அழுத்தினேன்.

விசாரணை அன்று துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நுவரெலியாவில் அந்த நாளில் இருந்த குளிரைச் சொல்லி மாளாது. அக்கா கல்யாணச் சேலை கட்டியிருந்தார். கம்பளியைச் சின்னப் பிள்ளைக்குப் போர்த்திவிட்டுத் தான் வெறுமனே உட்கார்ந்திருந்தார். எங்களைப் போல ஏழெட்டுக் குடும்பம் பெஞ்சுகளில். உள்ளே போய் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, என்ன ஆகியிருக்கும் என்று மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஒரு தாத்தா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் மகன் அவருடைய தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார்.

எங்கள் முறை வந்தது. நானும் உள்ளே போய்க் கதவோரம் நின்றுகொண்டேன். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட சிங்கள அதிகாரி. பக்கவாட்டில் மொழிபெயர்ப்பாளர், பேச்சிலிருந்தே யாழ்ப்பாணத்துக்காரர் என்று தெரிந்தது. தோட்டத்து ஆபீசில் கொடுத்த கடிதம், பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, புருஷனின் மரணச் சான்றிதழ் எல்லாம் பார்த்தார்கள். அதிகாரி தலையாட்டினார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு மொழிபெயர்ப்பாளர் என் தாளை எடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்து இங்கிலீஷில் சொன்னார். மூன்றாவது பந்திக்கு வந்தார்.

காவிரியன்னை தாலாட்ட ஆரம்பித்ததும் அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் அதை அப்போதுதான் முதல்முதலாகக் கேட்கிறார். முகத்தில் ஒரு மலர்ச்சிகூடத் தெரிந்தது. இங்கிலீஷில் சொல்லக் கேட்டபோதுதான் அது என்ன பந்தி என்று எனக்கே விளங்கியது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "உங்கட சொந்த ஊர் முசிறியோ?"

"ஆமாங்க, எங்க ஊரு முசிறிங்க" என்றார் அக்கா, வழக்கமாகச் சொல்கிற மாதிரி.

"கடைசியா எப்ப போனனீங்கள்?"

"போனதே இல்லீங்களே."

"போகாமலோ தென்னைக்குக் கீழ இருந்து இளநீர் குடிச்சனீங்கள்? திரும்பவும் அங்க போய் இருக்கத்தான் விருப்பம் எண்டு எழுதியிருக்கு. கீழ உங்கட கைரேகையும் இருக்கு."

அக்காவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பயத்தோடு பார்த்தார். அப்படி அவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. முன்னால் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது, கால் நகரவில்லை. என்னை உள்ளே பிடித்துப் போட்டுவிடுவார்களோ, பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிடுவார்களோ என்றுதான் ஓடியது புத்தி. அந்த நேரத்திலும் என்னைப் பற்றித்தான் நினைத்தேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதிகாரியை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"ஐயா, அப்புடி ஒரு ஊரு எனக்கு இருந்தா, நான் எதுக்குங்க இந்தக் குளுருல இந்தப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வந்து ஒங்க முன்னாடி நிக்கிறேன்?"

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றினார். எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டார்.

"எழுதத் தெரிஞ்சவங்க எழுதுனாங்க" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் எழுதுனேன் சேர்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனேன். அழுகையும் பேச்சும் கலந்து வந்தது. அது பள்ளிக்கூடக் கட்டுரை, வருணனைப் பந்தி வேண்டுமென்று அதிலிருந்து போட்டேன், அக்காவுக்கு வாசித்துக் காட்டவே இல்லை, அவர் மேல் குற்றமில்லை என்று என்னவெல்லாமோ சொன்னேன். இதை எப்படி நம்புவது என்று அதிகாரி கேட்டார். என்ன செய்வதென்று தெரியாமல், தாளில் இல்லாத முதல் பந்தியிலிருந்து அந்தக் கட்டுரையை ஒப்பிக்க ஆரம்பித்தேன். கதிரவன் கீழ்வானில் எழுந்தான், உழவர் ஏர் பூட்டினர், மங்கையர் குடமெடுத்தனர். மூக்கு ஒழுக ஒழுக நான் ஒப்பிக்கிறேன், சின்னப் பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கிறது.

நாலாவது வரியை நான் முடிப்பதற்குள் மொழிபெயர்ப்பாளர் முடித்துவிட்டார். "அந்தியில் பசுக்கள் மணியோசையுடன்" என்று அவர் வாயிலிருந்தே வந்தது.

"பிள்ளை, இதை நானும் பள்ளிக்கூடத்தில எழுதினனான்" என்றார். "எங்கட ஊரில ஆறே இல்லை. ஆறு ஓடுது எண்டுதான் நானும் எழுதினனான்."

பிறகு அதிகாரியிடம் இங்கிலீஷில் கொஞ்ச நேரம் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. அதிகாரி என் தாளைக் குறுக்கே மடித்து ஓரமாகத் தள்ளினார். அக்காவின் வாயால் சொல்லட்டும், இந்தப் பெண் இங்கேயே உட்கார்ந்து எழுதட்டும், ஒரு வார்த்தை கூட்டக்கூடாது என்றார்.

அக்கா சொன்னார், நான் எழுதினேன். "நான் பொறந்தது கீழ் டிவிசன்ல, ஆத்தோர லயத்துல கடைசிக் காம்பராங்க. அந்தக் காம்பரா மண்ணு சரிஞ்சு போயிருச்சு, தூணு மட்டும் நிக்குது, போய்ப் பாக்கலாங்க. மூத்தவ வயித்துல இருக்கையில நான் ஏழாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தேன், வலி வந்து கங்காணிதான் ஆளு வச்சுத் தூக்கிட்டு வந்தாரு. எங்க வீட்டுக்காரரப் பொதச்சது பதினொண்ணாம் நம்பர் மலைக்கு மேலங்க. நான் அந்த மலைக்குப் போறன்னிக்கு அந்தப் பக்கத்துத் தேயிலை நெரைதான் கேட்டு வாங்கிக்குவேன். எனக்கு அக்கரையில ஒருத்தர் மொகமும் தெரியாது. என்னைய அங்க எறக்கி விட்டா வழி கேக்கக்கூட ஆளு இல்லீங்க."

எழுதிக்கொண்டு வரும்போது எந்த இடத்தில் பந்தி பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்தது எது, கண்டது எது, வாதம் எது என்று பிரிக்கவே முடியவில்லை. ஒரே பந்தியாகவே எழுதி முடித்தேன். மொழிபெயர்ப்பாளர் அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அக்காவுக்கு வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டபிறகே மைத்தட்டை நகர்த்தினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் ஒரு மூலையில் போய் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பாதி வழியில் அவரே எழுந்து தள்ளாடிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விடு தங்கச்சி. நீ எழுதுனது நல்லாத்தான் இருந்துச்சு."

"கேலி பண்ணாதீங்கக்கா."

"கேலி இல்ல. அந்தாளு அவசரத்துல வாசிச்சதுல பாதி வெளங்கல. இன்னொருக்கா சொல்லு."

அவர் விடாமல் கேட்டதால் மெதுவாகச் சொன்னேன். ஆறு, தோப்பு, கோயில் கோபுரம், அந்தி நேரத்துப் பசுக்கள். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார். முடித்ததும், "எங்க அம்மாவும் இப்புடித்தான் சொல்லும். அதுவும் பாத்தது இல்ல" என்றார். என்னைத் திட்ட வேண்டிய ஆள் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்ததை இத்தனை வருடத்தில் நான் மறக்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. அவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அன்று லயத்தில் எல்லோருக்கும் பாயாசம் கொடுத்தார். நான் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, "குடிடி, ஒனக்கு என்ன தனியா வெத்தல பாக்கு வைக்கணுமா?" என்று அதட்டினார்.

எங்களுக்குக் கிடைக்கவில்லை. வயதான காலத்தில் ஊருக்குத் திரும்பியிருந்த தாத்தா இறந்தபோது அப்பா இந்தியாவுக்குப் போனவர் காய்ச்சலில் படுத்து ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். அந்த ஒரு வருடம் எங்கள் மனுவைத் தின்றுவிட்டது. அதற்கு எந்தப் பந்தியும் உதவவில்லை. சில வருடம் அப்படியும் இப்படியுமாக ஓட்டினோம். அறுபதுகளின் நடுவில் அப்பா, போய்விடலாம் என்று முடிவு செய்தார்.

வழியனுப்ப ஹட்டன் ஸ்டேசனுக்கு லயமே வந்திருந்தது. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுகிற சத்தத்தில் ரயில் வந்தது தெரியவில்லை. அக்கா மட்டும் அழாமல் நின்று அம்மாவுக்குச் சாமான் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஜன்னலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எழுதுன ஊருக்கு நீயே போறியே தங்கச்சி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், குரல் உடைந்துவிட்டது. "போய்ச் சேந்து ஒரு கடுதாசி போடு. உள்ளத உள்ளபடி எழுது."

போய்ச் சேர்ந்து மூன்றாவது வாரம் எழுதினேன். அந்தக் கடிதம் எனக்கு இன்றும் மனப்பாடம். "அக்கா, சுகமாக வந்து சேர்ந்தோம். ஆறு இருக்கிறது, ஆனால் நாங்கள் வந்த மாதத்தில் மணல்தான் இருந்தது. நாங்கள் இருக்கும் வீடு ஆற்றிலிருந்து நாலு மைல். அப்பாவின் பங்காளிகள் முதல் வாரம் சோறு போட்டார்கள். இரண்டாவது வாரம் என்ன உத்தேசம் என்று கேட்டார்கள். அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே எங்களைச் சிலோன்காரர்கள் என்கிறார்கள். நேற்றுக் கடையில் உங்க ஊர் எது என்று ஒருவர் கேட்டார். நான் யோசிக்காமல் நம்ம தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்."

பதில் எழுதியது அக்காவின் பெரிய பிள்ளை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, அதற்குள் நன்றாக எழுதக் கற்றிருந்தது. கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை முழுக்க வாசித்துக் காட்டியதாகவும், அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தது.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. இந்தப் பக்கத்திலும் எழுதத் தெரியாதவர்கள் மனு எழுதித் தரச் சொல்லி வருவார்கள். கடைசி வரி வரை வாசித்துக் காட்டாமல் யாரையும் நான் விரல் நீட்டச் சொன்னதில்லை. ஆனால் பார்க்காத ஊரை அவ்வளவு அழகாக எழுதிய எனக்கு, பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி ஒரு வரி எழுத வந்தது அதை விட்டு வந்த பிறகுதான் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனத்துப்போகிறது.